12 வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: என்ன சொல்வது, எங்கே பிசகும்

கேள்வி இது: "நான் கத்தோலிக்கன். புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் வாங்கியவன். பாவசங்கீர்த்தனம் செய்து 12 வருடம் ஆகிவிட்டது. எப்படித் தொடங்குவது என்றே மறந்துவிட்டது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. ஒரே பாவத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறேன். மன்னிப்பு வாங்கிவந்து மறுபடி அதையே செய்வேன் என்று இப்போதே தெரியும். அப்படியிருக்க, போய் நிற்பது கடவுளை ஏமாற்றுவது ஆகாதா? பங்குச் சாமியாருக்கு என் குரல் தெரியும் என்பது இன்னொரு சங்கடம்."

மறந்துபோனதும் குரல் சங்கடமும் ஒரு மாலைக்குள் தீர்ந்துவிடும். நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் பார்ப்போம்.

நீங்கள் கேட்டதையே ஆயர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும் பாவத்தில் விழுந்தவருக்குப் பொதுவில் தவம் செய்து திரும்பி வரும் வாய்ப்பு ஆயுளில் ஒரே ஒரு முறைதான். அதனால் பலர் அதைச் சாகும் தறுவாய்க்குத் தள்ளிப்போட்டார்கள். 6-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துத் துறவிகள் வேறொரு வழக்கத்தைப் பரப்பினார்கள்: தனியாகக் குருவிடம் சொல்வது, தவம் வாங்குவது, விழுந்தால் மறுபடி வருவது. 589-இல் ஸ்பெயினின் தொலேதோவில் கூடிய ஆயர்கள் சங்கம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பாவம் செய்யும்போதெல்லாம் குருவிடம் வந்து மன்னிப்புக் கேட்பதா என்பதே அவர்களுடைய ஆத்திரம். ஆனால் 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், வருடத்துக்கு ஒரு முறையாவது கட்டாயம் வரவேண்டும் என்று சட்டமே போட்டது. ஆறு நூற்றாண்டுக்குச் சற்று மேல் போனதும் நிலைமை தலைகீழ். மனிதன் மறுபடி விழுவான் என்பதைத் திருச்சபை மெல்ல மெல்லத்தான் ஒப்புக்கொண்டது. நீங்கள் தொலேதோ ஆயர்களின் பக்கம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதற்கு அடியில் ஒரு போதனை இருக்கிறது. ஞானஸ்நானம் பிறப்போடு வரும் ஜென்மப் பாவத்தைப் போக்குகிறது; பாவத்தின் பக்கம் சாயும் இச்சையைப் போக்குவதில்லை. திரெந்து சங்கம் 1546-இல் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தது. அதற்கும் முன்னால், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்ற பெலாஜியுசின் கருத்தைப் புனித அகுஸ்தீன் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதை நிராகரித்தார்கள். உரோமையர் 7-ஆம் அதிகாரத்தில், விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று புலம்புபவர் திருத்தூதர் பவுல். "முதலில் திருந்திவிட்டு அப்புறம் போகிறேன்" என்று காத்திருப்பது பணிவு போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் அது பெலாஜியுசின் வாதம்தான்.

அடுத்தது தீர்மானம். "மறுபடி விழக்கூடும்" என்பது உங்கள் பலவீனத்தைப் பற்றிய கணிப்பு. "மறுபடி செய்யப்போகிறேன்" என்பது மனம் எடுத்த முடிவு. பாவசங்கீர்த்தனத்தைக் கெடுப்பது இரண்டாவது மட்டுமே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் கர்தினால் வில்லியம் பாம் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தொட்டிருக்கிறார்: விழுந்துவிடுவேனோ என்ற அச்சம், விழக்கூடாது என்ற தீர்மானத்தின் உண்மையைக் குறைப்பதில்லை. எனவே சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி "வெற்றி பெறுவேனா?" அல்ல. "இன்று, இந்த நேரத்தில், இதை விட்டுவிட மனம் இருக்கிறதா? அதற்காக ஒரு காரியமாவது மாற்றத் தயாரா?" இதற்கு ஆம் என்றால் போகலாம். இல்லையென்றால், மனம் வரவில்லை என்பதையே போய்ச் சொல்லலாம். பாவமன்னிப்பு அன்றைக்குக் கிடைக்காமல் போகலாம்; பேச்சு தொடங்கியிருக்கும்.

இனி செய்முறை. பழைய ஞானோபதேசத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, குருவிடம் பாவத்தை வெளிப்படுத்துதல், அபராதம் தீர்த்தல் (அதாவது, பரிகாரமாகக் குரு கொடுக்கும் செபத்தையோ செயலையோ நிறைவேற்றுவது). ஐந்தும் ஒரே அளவு கடினமல்ல. 12 வருட இடைவெளிக்குப் பிறகு வருபவர்கள் தடுக்குவது பெரும்பாலும் முதலாவதில்தான்.

ஆத்தும சோதனைக்கு அரை மணி நேரம், ஒரு தாள், ஒரு பேனா போதும். 12 வருடத்தையும் ஒரே மூச்சில் நினைத்தால் எல்லாம் கலங்கிப்போகும். மூன்று நான்காக வெட்டிக்கொள்ளுங்கள்: படிப்புக் காலம், வேலையில் சேர்ந்த காலம், திருமணத்துக்குப் பிறகு, இப்போது. ஒவ்வொன்றுக்கும் பத்துக் கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். (கத்தோலிக்க எண்ணிக்கையில் 6-ஆவது கற்பைப் பற்றியது, 7-ஆவது களவைப் பற்றியது, சீர்திருத்தச் சபைகள் பலவற்றின் புத்தகத்தைப் பார்த்தால் எண் ஒன்று தள்ளிப்போகும்.) செய்ததை மட்டும் எழுதினால் பாதிதான். பூசையில் "சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்" என்று சொல்கிறோமே, கடைசிச் சொல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. வயதான அம்மாவைப் போய்ப் பார்க்காதது, கூலியைத் தாமதித்தது, அலுவலகத்தில் ஒருவர்மேல் வீண்பழி விழுந்தபோது வாய்திறக்காமல் இருந்தது, எல்லாம் அதற்குள் வரும்.

எழுதியதில் எதைக் கட்டாயம் சொல்லவேண்டும்? சாவான பாவங்களை எல்லாம். ஒரு பாவம் சாவானதாக மூன்று நிபந்தனைகள் வேண்டும்: காரியம் கனமானது, அது அப்படிப்பட்டது என்ற முழு அறிவு, முழு மனச் சம்மதம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அற்ப பாவம். அற்ப பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயம் இல்லை. ஊறிப்போன பழக்கமும் பயமும் அழுத்தமும் பொறுப்பைக் குறைக்கும் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடே சொல்கிறது. அதற்காக அதை நீங்களே தீர்ப்பு எழுதிக் கழித்துவிட வேண்டாம். குடி, ஆபாசப் படம், சூதாட்டம் என்று ஒரு பழக்கம் கையை மீறியிருந்தால் பாவத்தைச் சொல்லும்போதே பழக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடை போடுவது குருவின் வேலை.

திருச்சபைச் சட்டம் 988 கேட்பது வகையும் எண்ணிக்கையும். "ஒழுக்கக்கேடாக நடந்தேன்" என்பதில் வகை இல்லை. "திருமணமானவன் நான், வேறொரு பெண்ணோடு இரண்டு வருடம் தொடர்பு வைத்திருந்தேன்" என்பதில் இரண்டும் இருக்கிறது. சரியான எண்ணிக்கை யாருக்கும் நினைவிருக்காது. "வாரம் இரண்டு மூன்று முறை, நாலு வருடமாக", "ஞாயிறு பூசை, பண்டிகை தவிரப் போனதே இல்லை" என்பது போதும். கதை வேண்டாம், காரணப் பட்டியல் வேண்டாம், கூட இருந்தவர் பெயர் வேண்டவே வேண்டாம். மனைவியின் குற்றத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அது அவருடைய பாவசங்கீர்த்தனமாகிவிடும்.

அடிக்கடி பார்க்கக்கூடிய இன்னொரு பிசகு, பெரியவர்கள் மூன்றாம் வகுப்புப் பட்டியலையே ஒப்பிப்பது: "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பெற்றோருக்குக் கீழ்ப்படியவில்லை." நாற்பது வயதில் சொல்ல வேண்டியது அதுவா? கோபம் என்றால் யார்மேல், வார்த்தையோடு நின்றதா, கை நீண்டதா, பிள்ளைகள் முன்னாலா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்போதுதான் குருவானவர் சொல்லும் புத்திமதிக்குக் கால் முளைக்கும்.

இதெல்லாம் புதிய கெடுபிடி அல்ல. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே உழைத்த இயேசு சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கஸ், பாவசங்கீர்த்தனத்துக்கென்றே தமிழில் தயாரித்த கையேடு 1580-இல் கொச்சியில் அச்சானது. தமிழில் அச்சேறிய ஆரம்ப நூல்களில் அது ஒன்று. நம் மொழியில் அச்சு எந்திரம் ஓடத் தொடங்கிய உடனே, ஒரு மனிதன் தன் குற்றத்தைத் தன் சொல்லில் எப்படிச் சொல்வது என்பதற்குக் காகிதம் செலவிட்டிருக்கிறார்கள். இன்று அதிகாரபூர்வப் பெயர் ஒப்புரவு அருட்சாதனம். வள்ளுவரின் "ஒப்புரவறிதல்" ஊருக்கு உதவி வாழ்வதைப் பேசுகிறது. இங்கே முறிந்த உறவு மீண்டும் ஒட்டுவதைக் குறிக்கும். எனக்கு இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று தூரமில்லை என்று தோன்றும். ஊரில் பேசும்போது பாவசங்கீர்த்தனம் என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்.

மனஸ்தாபம் என்றால் அழுகை என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். கண்ணீர் வரலாம், வராமலும் போகலாம். மனஸ்தாபம் சித்தத்தின் வேலை: செய்ததை வெறுப்பது, இனி வேண்டாம் என்று திரும்புவது. கடவுள்மேல் உள்ள அன்பினால் வருவது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்தோ பாவத்தின் அசிங்கத்தைப் பார்த்தோ வருவது குறைவான மனஸ்தாபம். அதுவும் இந்த அருட்சாதனத்துக்குப் போதும். உயர்ந்த உணர்வு வரட்டும் என்று காத்திருந்தே பன்னிரண்டு வருடம் பதினைந்தாகிவிடும்.

பிரதிக்கினை பொதுவாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. "இனிப் பாவம் செய்யமாட்டேன்" என்பது நல்ல ஆசை, திட்டம் அல்ல. பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பத்தைக் கண்டுபிடியுங்கள். எந்த நாள், எந்த மணி, எந்த இடம், யாரோடு? சம்பள நாளன்று மதுக்கடை வழியாக வீட்டுக்கு வருகிறீர்கள் என்றால் அன்று வேறு பேருந்தில் வாருங்கள், பணத்தை முன்கூட்டியே வீட்டுக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில்தான் விழுகிறீர்கள் என்றால் அதைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். ஒரே ஒரு மாற்றம், ஆனால் திட்டவட்டமாக. குடிநோய் முற்றியிருந்தால் மருத்துவரும் வேண்டும், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டங்களும் வேண்டும். பாவமன்னிப்பு குற்றத்தை நீக்கும். கை நடுக்கத்தை நிறுத்தும் மருந்தாக அதை யாரும் சொன்னதில்லை.

சரி, போய் நின்றதும் என்ன சொல்வது? முழந்தாளிட்டோ உட்கார்ந்தோ சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, "ஃபாதர், என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவி. பாவசங்கீர்த்தனம் செய்து 12 வருடம் ஆகிறது. முறை மறந்துவிட்டது, கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று தொடங்குங்கள். இந்தக் கடைசி வாக்கியம் பாதிப் பாரத்தை இறக்கிவிடும். மீதியை அவரே கேட்டு வாங்குவார். ஆக வெட்கமான பாவத்தை முதலில் சொல்லுங்கள். கடைசிக்கு வைத்தால் நாக்கு மடங்கிவிடும். முடிந்ததும் "இவற்றுக்காகவும் நான் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனம் வருந்துகிறேன்" என்று முடித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் நாலு வார்த்தை சொல்வார், அபராதம் கொடுப்பார், மனத்துயர் செபம் சொல்லச் சொல்வார். "சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கும் பழைய செபம் நினைவில் இல்லையென்றால் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் படிக்கலாம், சொந்த வார்த்தையில் இரண்டு வரி சொன்னாலும் சரிதான். அதன்பின் கையை நீட்டிப் பாவமன்னிப்பு வாசகத்தைச் சொல்லும்போது "ஆமென்" என்று பதில் சொல்லுங்கள். வந்ததும் தாளைக் கிழித்து எரித்துவிடுங்கள். சட்டைப் பையில் மறந்து துவைக்கப் போட்டவர்கள் உண்டு.

மறந்துபோன பாவமும் மன்னிக்கப்பட்டுவிடும். கனமானது பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும், அதுவரை நன்மை (நற்கருணை) வாங்கலாம். ஆனால் ஒரு சாவான பாவத்தை வெட்கத்தால் வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் முழுவதும் செல்லாது. பிறகு அதையும் சேர்த்து மறுபடி செய்யவேண்டும்.

பங்குச் சாமியார் சங்கடத்துக்கு வருவோம். சட்டம் 991-இன்படி நீங்கள் விரும்பும், அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் போகலாம். தவக்காலத்தில் பல பங்குகளில் பக்கத்துப் பங்குகளிலிருந்து குருக்கள் வந்து உட்காருவார்கள். வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலங்களிலும் வாய்ப்பு உண்டு, நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முகம் தெரியக்கூடாது என்றால் வலைத்தட்டிக்குப் பின்னால் இருந்து சொல்வது உங்கள் உரிமை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு போகிறவர் பெரிய வெள்ளிக்கு முந்தின நாட்களின் வரிசையில் நிற்காமல் இருப்பது நல்லது. சாதாரண வாரநாளில் "ஃபாதர், 20 நிமிடம் வேண்டும்" என்று கேட்டுப் போனால் இருவருக்கும் நிதானம் இருக்கும்.

கேட்டதை அவர் வெளியே சொல்லமாட்டாரா? சட்டம் 983 அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிப்பதில்லை. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமைக்குத்தான். சட்டம் 984 இன்னும் ஒரு படி மேலே போகிறது: கேட்டறிந்ததை வெளியே சொல்லாவிட்டாலும், உங்களுக்குக் கேடாக அதைப் பயன்படுத்தவும் கூடாது. களவைச் சொன்னீர்கள் என்பதற்காக உங்களை அன்பியக் கணக்குப் பொறுப்பிலிருந்து நீக்க முடியாது. உங்கள் அனுமதியில்லாமல் உங்களிடமே அந்தப் பேச்சை மறுபடி எடுக்கமாட்டார்.

களவு, கடன், அவதூறு இருந்தால் "மன்னிப்புக் கிடைத்துவிட்டது, முடிந்தது" என்று வந்துவிட முடியாது. பாவம் போகும், கடன் போகாது. எண்ணிக்கை 5:7, எடுத்ததை முழுவதும் கொடுத்து ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டச் சொல்கிறது: 10,000 ரூபாய்க்கு 12,000. லூக்கா 19-இல் சக்கேயு தானாகவே நான்கு மடங்கு என்றான். அந்தக் கணக்கில் 40,000. இன்று குறைந்தபட்சம் எடுத்ததாவது திரும்பவேண்டும். உங்களைக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை, பெயரில்லாமல் உறையில் வைத்துச் சேர்ப்பிக்கலாம், குருவானவர் வழியாகவும் கொடுக்கலாம். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. ஒரேயடியாக முடியாதென்றால் மாதத் தவணை போடுங்கள். தவணையை மனதில் போடாமல் தாளில் போடுங்கள். அவதூறு இதைவிடக் கடினம். பொய்யை யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்லவேண்டும். பங்காளிச் சண்டையில் பத்துப் பேரிடம் பரப்பியதைப் பத்து அருள்நிறைந்த மந்திரத்தால் திரும்ப அள்ள முடியாது.

திருச்சபையில் செய்த திருமணம் இன்னும் செல்லுபடியாக இருக்க வேறொருவரோடு வாழ்பவர்கள் போன்ற சிலருக்கு அன்றே பாவமன்னிப்புக் கிடைக்காமல் போகலாம். அவர்கள் வரிசையில் நிற்குமுன் குருவானவரைத் தனியே பார்த்து, மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்தின் வழி இருக்கிறதா என்று பேசுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான ஒரு வியாதியும் உண்டு. போய் வந்த மறுநாளே "சரியாகச் சொன்னேனா, மனஸ்தாபம் போதுமா" என்று அரித்துத் தின்னும் மனச்சஞ்சலம். புனித இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் இதில் சிக்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித் துன்பப்பட்டார். அனுபவமுள்ள குருக்கள் இதற்குச் சொல்லும் மருந்து ஒன்றுதான்: ஒரே குருவிடம் போவது, அவர் "போதும்" என்றால் நிறுத்துவது, முன்பு சொல்லி மன்னிக்கப்பட்டதை மறுபடி தோண்டாதது. கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்ற மற்ற காரியங்களிலும் இதே அரிப்பு இருந்தால் மனநல மருத்துவரையும் பார்க்கவேண்டும்.

அபராதத்தை அன்றே, முடிந்தால் கோயிலை விட்டு வெளியேறுமுன் தீர்த்துவிடுங்கள். கொடுத்தது உங்களால் முடியாதது என்றால் அங்கேயே "வேறு தாருங்கள்" என்று கேட்கலாம். வெளியே வரும்போது மனம் லேசாகும் என்று சொல்வார்கள். சிலருக்கு ஒன்றும் தோன்றாது, பழைய குற்ற உணர்ச்சி இரண்டு வாரம்கூடத் தங்கும். பாவமன்னிப்பு உங்கள் உணர்ச்சியைச் சார்ந்து நிற்பதில்லை என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

போகுமுன்பே நாள்காட்டியில் நாலு வாரம் தள்ளி இன்னொரு தேதியைக் குறித்துவையுங்கள். அதற்குள் விழுந்துவிட்டால் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். முடிந்தால் அதே குருவிடமே போங்கள். இந்த முறை பேச்சு சுருக்கமாக இருக்கும்: "ஃபாதர், போன முறை சொன்ன அதே பாவம். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் வீட்டில் யாரும் இல்லை, கைப்பேசியைக் கூடத்தில் வைக்கவில்லை." அந்தப் பத்தாம் நாளைப் பற்றித்தான் அவர் அடுத்துக் கேட்பார்.